சாம்பிராணி குடித்த கிராபிக்ஸ் கார்டு

என் லேப்டாப்பின் மூடியில் ஒரு டிராகன் இருக்கிறது. எழுத்துப் பொத்தான்களுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்கு ஓடும். கேம் விளையாடும் பையன்களுக்காகச் செய்தது. நான் விளையாடுவதில்லை. இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோல் வீடியோ செய்து பில்டர்களுக்குக் கொடுப்பது என் தொழில். அதற்கு வலுவான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். வலுவான கார்டு இந்த டிராகனோடுதான் வருகிறது. கிளையண்ட் ஆபீஸில் திறந்து வைத்தால் யாராவது ஒரு இன்ஜினியர், பையனுடையதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களா மேடம் என்று சிரிப்பார். எனக்குக் குழந்தை இல்லை என்பேன். அந்தச் சிரிப்பு அடங்குகிற அழகைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பில்டர்கள் என்னிடம் வாங்குவது வெயிலைத்தான். ஹாலில் கொஞ்சம் வெயில் போடுங்கள் மேடம் என்பார்கள், ஏதோ சாம்பாரில் உப்புப் போடச் சொல்வதுபோல. அந்த ஹால் வடக்கே பார்த்திருக்கும், எதிரே இருபது மாடி நிற்கும், அதெல்லாம் அவர்களுக்குக் கவலையில்லை. மௌஸைப் பிடித்துச் சூரியனை ஒரு இழுப்பு இழுத்தால் சோபா மேல் பொன்னாக விழும். வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுவருக்குள் கிடைக்கிற கார்ப்பெட் ஏரியாவை அங்குலம் அங்குலமாகச் சண்டை போட்டு வாங்குவார்கள், ஆனால் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் வாஸ்துக்காரருக்கு போன் போடுவார்கள்.

இது ஊரார் வீட்டுக் கதையாக இருந்தவரை எனக்குத் தூக்கம் கெடவில்லை. பிறகு மும்பை மாட்டுங்காவில் எங்கள் சொந்த பில்டிங்கே ரீடெவலப்மெண்ட்டுக்குப் போயிற்று.

நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது, மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகும். இடித்துவிட்டு டவர் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்தார். நாங்கள் இருப்பது பின்பக்கத்து ஃப்ளாட். பிளானை விரித்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. முன்பக்கத்துக்காரர்களுக்குத் தோட்டம் பார்த்த பால்கனி. பின்பக்கத்துக்காரர்களுக்குப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி, கார்களை அடுக்கி வைக்கிற பார்க்கிங் கோபுரம். ஜன்னல் கதவைத் திறந்தால் சுவரில் இடிக்காது, அவ்வளவுதான். கோபுரத்தைத் தெருப்பக்கம் தள்ளினால் எல்லாருக்கும் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் தெருப்பக்கம் பில்டர் கடைகள் கட்டி விற்க வேண்டுமே.

பில்டிங் சொஸைட்டியின் செகரட்டரியிடம் போய்ச் சொன்னேன். பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையரான மாமா, முன்பக்கத்துக்காரர். பில்டர் காட்டின வீடியோவில் எல்லா ரூமிலும் வெயில் அடிக்கிறதே என்றார். வெயில் போடுவதுதான் என் பிழைப்பு மாமா என்றேன். அப்படியென்றால் உனக்கே தெரியுமே, டெக்னாலஜி எவ்வளவு முன்னேறிவிட்டது என்றார். இவர்தான் ஒரு காலத்தில் கடன் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்துகொண்டிருந்தவர்.

அதனால் நானே ஒன்று செய்வதென்று தீர்மானித்தேன். அதே பிளான், அதே அளவு, சூரியன் மட்டும் மும்பையில் உண்மையாக எங்கே இருக்கிறதோ அங்கே. ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை, காலையிலிருந்து சாயங்காலம்வரை எந்த அறையில் எப்போது வெயில் விழும் என்று வீடியோவாகச் செய்து, ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் போட்டுக் காட்டுவது. கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவு. பின்பக்கத்துக்காரர்களோடு முன்பக்கத்தில் மனசாட்சி உள்ள நாலு பேர் சேர்ந்தால் கோபுரத்தை இடம் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். சேராவிட்டால், மிச்ச ஆயுளுக்கும் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இதில் எனக்குக் கை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளாட் என் மாமனாருடையது, அவருக்குப் பிறகு என் கணவர் பெயருக்கு வந்தது. சொஸைட்டி சட்டப்படி ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு ஓட்டு, அது முதல் பெயருக்குரியவருடையது. என் பெயர் இரண்டாவது. நான் உட்காரலாம், டீ குடிக்கலாம். கை தூக்க வேண்டியவர் என் கணவர்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால், பிறந்ததிலிருந்து யாரோடும் மனஸ்தாபப்படாத மனிதர். ஆட்டோக்காரன் வழி தவறிப் போனால் இவர் மன்னிப்புக் கேட்பார். பிளானைக் காட்டி விளக்கினபோது, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். இதை அவர் எல்லாரிடமும் சொல்வார். செகரட்டரி மாமாவிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேலையை ஆரம்பித்தேன். படத்தில் ஜனவரி தாண்டவில்லை, லேப்டாப் பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டேன். விசிறி குக்கர்போல் இரைந்தது. கிராபிக்ஸ் கார்டின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. படம் ஓடுவதுபோல் ஓடித் திணறி நின்றது. மறுபடி இருட்டு. கை வைக்க முடியவில்லை, தோசையே வார்த்திருக்கலாம். சில வாரங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகிக்கொண்டிருந்தது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். இப்போது கழுத்தைப் பிடித்தது.

என் கணவர் செய்த முதல் காரியம், பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டது. யாருக்காவது தெரிந்திருக்குமே என்று. மும்பையில் தண்ணீர் வராததற்குக்கூட இவ்வளவு பேர் பதில் எழுதி நான் பார்த்ததில்லை. எதிர் ஃப்ளாட் மாமி, பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து எடு என்றாள், தானே கதவைத் தட்டி வந்து. மேல்மாடிக் குஜராத்திக்காரர் ஏசி போடாத வீட்டில் இதெல்லாம் வாங்கியிருக்கக் கூடாது என்றார். யாரோ ஒருவர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, ரொம்ப கேம் ஆடாதே என்று புத்தி சொன்னார். என் கணவர் தன் பங்குக்கு இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். ஓட்டை இருக்கிறது, காற்று போகும் என்பது அவருடைய விஞ்ஞானம். ஓட்டை இருக்கிற இடமெல்லாம் காற்று போகுமென்றால் மும்பை லோக்கல் ரயிலில் யாருக்கும் வேர்க்காது.

குர்லாவில் ரயில் மாறி வாஷிக்குப் போனேன். அங்கே கம்பெனியின் சர்வீஸ் சென்டர் என்று ஒன்று. டோக்கன் வாங்கி ஏசியில் உட்கார வைத்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, போர்டையே மாற்றணும், கார்டு அதோடு ஒட்டிக்கொண்டு வருவது, பார்ட் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றான். உள்ளே பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். சிம்ப்டம்ஸ் மேடம் என்றான். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டிருப்பான் போலிருக்கிறது. எப்போது கிடைக்கும் என்றால், சிஸ்டத்தில் வரும் என்று தன் சிஸ்டத்தைக் காட்டினான். டிராகனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, செய்த கம்பெனிக்காரன், விற்ற கடைக்காரன் என்று ஒவ்வொருவராக மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் காலையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நானே உட்கார்ந்தேன். போர்டு போகத்தான் போகிறதென்றால் என் கையால் போகட்டும் என்கிற ஆத்திரம். என் கணவர் பின்னால் நின்று, ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூக்களை எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அடிமூடியை நெம்பினேன்.

உள்ளேயிருந்து வெள்ளிக்கிழமை வாசனை வந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மின்சாரம் கருகிய வாடைக்குத் தயாராக இருந்தேன். இது பூஜை அறை வாசனை. விசிறிகளைக் கழற்றி, அவற்றின் பின்னால் சூட்டை வெளியே தள்ளுகிற செப்புச் சீப்புகளைப் பார்த்தேன். சீப்பின் பல்லே தெரியவில்லை. பழுப்பாக, கம்பளித் துண்டுபோல், பிசுபிசுவென்று ஒன்று குறுக்கே படிந்து இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளினால் தோலாக உரிந்து வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சாம்பிராணி.

எங்கள் வீட்டில் என் மேஜை பூஜை அலமாரிக்கு அடியில் இருக்கிறது. வேறு இடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபக்காலோடு வீட்டைச் சுற்றி வருவது என் கணவரின் வழக்கம். சாமிக்குக் காட்டி, வாசல்படிக்குக் காட்டி, பிறகு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், வைஃபை டப்பா என்று உழைக்கிற ஒவ்வொன்றுக்கும் காட்டுவார். என் லேப்டாப்புக்குக் கூடுதல் மரியாதை, ஏனென்றால் வீட்டில் அதுதான் அதிகம் சம்பாதிக்கிறது. ஆயுத பூஜைக்கு அந்த டிராகன் நெற்றியில் குங்குமம் வைத்தவர்தான் இவர். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூபத்தைப் பக்கத்தில் பிடிப்பார். விசிறி புகையைச் சர்ரென்று உள்ளே இழுக்கும். பாரு, எடுத்துக்கறது பாரு என்று சந்தோஷப்படுவார். நானும் வேலை மும்முரத்தில் தலையைத் திருப்பாமல் உம் கொட்டுவேன்.

புகையின் பிசினில் மும்பைத் தூசு ஒட்டி, அதன்மேல் அடுத்த வாரப் புகை, அதன்மேல் தூசு. சூடாக ஆரம்பித்ததும் திருஷ்டி என்று முடிவு கட்டி, இவர் செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டார். அது இன்னும் சூடாயிற்று. இவர் இன்னும் போட்டார்.

அந்தப் பழுப்புத் தோலை உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மோந்து பாருங்கோ."

மோந்தார். முகம் காதுவரை சிவந்து போயிற்று. அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒரே வார்த்தை, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்பதுதான்.

அதுதானே முக்கியம் என்றேன். லேப்டாப் போனால் பரவாயில்லை, பில்டிங்கில் மானம் போகக்கூடாது. இன்னும் நிறையச் சொன்னேன். எம்எஸ்ஸி படித்த மனிதர், காற்று போகிற துவாரத்தில் புகையை ஊதிவிட்டு வாட்ஸ்அப்பில் காரணம் கேட்கிறாரே என்று. அவர் மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட்டும் ஒரு புது டூத்பிரஷும் வாங்கி வந்து வைத்துவிட்டு, நான் சீப்புப் பல்லாகத் தேய்த்து எடுக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூடிவிட்டு ஆன் செய்தேன். விசிறியின் இரைச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. சூடு எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. வேலை ஓடியது. வாரக் கடைசிக்குள் வருஷம் முழுக்கத் தயாராகிவிட்டது. வந்த முடிவு நான் எதிர்பார்த்ததைவிட மோசம். எங்கள் படுக்கையறையில் வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட வெயில் விழவில்லை. பட்டப்பகலில் சுவரின் நிறம் சாம்பலாகத் தெரிந்தது. நான் தொழிலில் செய்வதுபோல் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சுவரில் வேஷ்டி கட்டி, ப்ரொஜெக்டர் வைத்திருந்தார்கள். பில்டரின் ஆள் ஒருவர், வழுவழுப்பான மனிதர், பேடா இனிப்பு டப்பாக்களோடு வந்திருந்தார். முதலில் அவர் வீடியோ. எந்த நாட்டுக் குழந்தையோ பலூன் பிடித்துக்கொண்டு ஹாலில் ஓடியது, பின்னால் ஒரு பொன்னிற நாய். மாட்டுங்காவில் அந்த நாயை வைத்துக்கொள்ள சொஸைட்டி அனுமதிக்காது, ஆனாலும் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பின்பக்கப் படுக்கையறையில், பார்க்கிங் கோபுரத்தைத் துளைத்துக்கொண்டு வெயில் வந்தது.

அடுத்து என்னுடையது. எங்கே மறுபடி சூடாகிவிடுமோ என்று என் கணவர் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, லேப்டாப்புக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சாமரம் வீசுகிறவர் மாதிரி. நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன். வீடியோ ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கோடை, மழை, குளிர் என்று ஒவ்வொன்றிலும் காலை, மதியம், சாயங்காலம். பின்பக்க அறைகள் சாம்பலாகவே இருந்தன. எந்த மாதத்தில் சூரியன் எங்கே நிற்கும், கோபுரம் எவ்வளவு உயரம், அதைத் தெருப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று ஹிந்தியிலும் தமிழிலும் சொன்னேன். முடிந்த பிறகும் எல்லாரும் வேஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செகரட்டரி மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"படம் இருட்டா இருக்கே. உன் லேப்டாப்தான் ஹீட் ஆறதுன்னு குரூப்ல வந்துதே?"

அவ்வளவுதான். ஒரே பெருமூச்சாக எல்லாரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். அதானே என்றாள் எதிர் ஃப்ளாட் மாமி. ஃப்ரிட்ஜில் வைத்தாயா என்று கேட்டாள். சூடானால் அணையும், இருட்டாகக் காட்டாது என்று நான் சொன்னேன், திரும்பவும் சொன்னேன். பில்டரின் ஆள் எழுந்து, ரொம்பப் பரிவாக, கார்டு ஹீட் ஆனால் கலரெல்லாம் டல் ஆகிவிடும் மேடம், ஹோதா ஹை, சகஜம்தான் என்றார். பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். என் பக்கம் இருக்க வேண்டிய பின்பக்கத்துக்காரர்களே நிம்மதியோடு தலையாட்டினார்கள். இருட்டு அறையை நம்புவதைவிட வியாதிக்கார மெஷினை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. இத்தனை படித்த மனிதர்கள் சேர்ந்து இவ்வளவு சந்தோஷமாக ஏமாந்து நான் பார்த்ததில்லை.

பில்டரின் பிளானை ஏற்கும் தீர்மானத்தைப் படித்துவிட்டு, சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் செகரட்டரி. கைகள் எழுந்தன. முன்பக்கம், பின்பக்கம், மேல்மாடி, கீழ்மாடி. எண்ணிக்கொண்டே வந்தவர் என் கணவரிடம் நின்றார். அவர் இன்னும் இரண்டு கையாலும் ஃபேனைப் பிடித்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை நான் எப்போதோ மூடிவிட்டேன்.

"ஃபேனை வெச்சுட்டுக் கையைத் தூக்குப்பா" என்றார் செகரட்டரி. "ஏகமனதா போயிடுத்துன்னா பாக்கறதுக்கு நன்னா இருக்கும்."

எங்கள் பில்டிங்கில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். அப்படி எழுதிக்கொள்வதில் எல்லாருக்கும் ஒரு பெருமை. மாறுபட்ட ஒருவர் இருந்தால் அவரை டீக்கு அழைத்துச் சரிக்கட்டி விடுவார்கள். என் கணவரைச் சரிக்கட்ட டீகூட வேண்டியதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கை மேலே போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அவ மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை மாமா" என்று அவர் குரல் கேட்டது. "வாரா வாரம் சாம்பிராணி போட்டு அதோட மூச்சை அடைச்சது நான்தான். அவளே திறந்து சுத்தம் பண்ணினா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இப்போ அது காட்டறது நெஜம். என் பேருக்கு நேரே வேண்டாம்னு எழுதிக்கோங்கோ."

யாரோ சிரித்தார்கள். சாம்பிராணியா என்று ஒருவர் ஹிந்தியில் விளக்கம் கேட்டார், இன்னொருவர் சொன்னார், சிரிப்பு வரிசை வரிசையாகப் போயிற்று. பேடா டப்பாவோடு நின்ற ஆளும் சிரித்தார். என் கணவரின் காது அன்றைக்குப்போலவே சிவந்திருந்தது. ஃபேனை மட்டும் கீழே வைக்கவில்லை. செகரட்டரி மறுபடியும், யோசிச்சுச் சொல்லுப்பா என்றார். யோசித்தாயிற்று என்றார் இவர்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. எதிர்ப்பு ஒன்று. வெயில் விழாத அந்த அறையில்தான் நாங்கள் குடியிருக்கப் போகிறோம், அதில் மாற்றமில்லை. கூட்டம் பேடாவுக்குக் கலைந்தது. நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினேன், அவர் ஃபேனோடு பின்னால் வந்தார். வயரின் பிளக் ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே வந்தது. இரண்டாவது மாடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றதற்காக மட்டும் இல்லை. அவரிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திட்டுவதற்கு என்றால் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. இதற்கு ஒன்றும் வரவில்லை.

"அந்த ஃபேனை இங்க குடுங்கோ" என்றேன். "கை வலிக்கப்போறது."